டெர்மினலில் தட்டும் கீ யாரிடம் போகிறது?

சென்னையின் பொறியியல் கல்லூரி லேப்களில் லினக்ஸ் பாடம் தொடங்கியதும் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "காப்பி பண்ண கண்ட்ரோல்-சி போட்டேன், ஓடிட்டிருந்த புரோகிராம் நின்னுடுச்சு." "கண்ட்ரோல்-இசட் போட்டு சர்வரை குளோஸ் பண்ணிட்டேன், ஆனா மறுபடி ஓட்டினா போர்ட் ஏற்கெனவே யூஸ்ல இருக்குன்னு சொல்லுது." "சேவ் பண்ண கண்ட்ரோல்-எஸ் அழுத்தினேன், ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு போச்சு." ஓஎம்ஆரின் ஐடி நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆனவர்களும் இதே இடங்களில் தடுமாறுகிறார்கள்.

இதற்கு மருந்தாக ஐம்பது ஷார்ட்கட் அடங்கிய பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவது வழக்கம். அந்தப் பட்டியல்கள் எந்தக் கீ என்ன செய்யும் என்று மட்டுமே சொல்கின்றன. அந்தக் கீயை வாங்கிக்கொள்வது யார் என்பதைச் சொல்வதில்லை. அது தெரியாமல் மனப்பாடம் செய்தால், பாதி கீகள் ஓரிடத்தில் வேலை செய்து இன்னோரிடத்தில் ஏன் செய்யவில்லை என்பது கடைசிவரை புரியாது.

கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். 'கண்ட்ரோல்-சி' என்றால் கண்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடி சி எழுத்தைத் தட்டுவது.

கீ கடக்கும் வழி

மாநகரப் பேருந்தில் போகும்போது "கிண்டி ஒண்ணு" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். அந்தச் சொல் டிரைவருக்குப் போவதே இல்லை. "எறக்கம் இருக்கு" என்றால் ஒரு விசில் ஊதுகிறார், வண்டி நிற்கிறது. டிரைவர் காதில் விழுவது நீங்கள் சொன்ன சொல் அல்ல, விசில்தான். டெர்மினலிலும் நீங்கள் தட்டுவதெல்லாம் ஓடும் புரோகிராமுக்கு நேராகப் போவதில்லை. இடையில் இருப்பவர் சிலவற்றைத் தானே முடித்துவிடுகிறார், சிலவற்றை விசிலாக மாற்றுகிறார்.

அந்த வழியில் முதலில் வருவது ஜன்னல். நீங்கள் திறக்கும் கறுப்புத் திரை ஒரு சாதாரண அப்ளிகேஷன்தான். எழுத்தைக் காட்டுவது, மவுஸால் தேர்ந்ததை காப்பி செய்வது, புது டேப் திறப்பது எல்லாம் இதன் வேலை. அடுத்தது கெர்னல், அதாவது கணினியின் வன்பொருளையும் ஓடும் புரோகிராம்களையும் ஆளும் மையப் பகுதி. இதற்குள் டெர்மினலுக்கென்றே ஒரு சிறு பிரிவு உட்கார்ந்து, வரும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறது. கடைசியாக ஷெல். நீங்கள் தட்டும் கட்டளையைப் படித்து, அதற்குரிய புரோகிராமை ஓட்டிவிடும் புரோகிராம் இது. உபுண்டுவில் வழக்கமாக இருப்பது பாஷ். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேடலினா முதல் மேக்கில் இருப்பது இசட்-ஷெல்.

ஷெல் ஒரு புரோகிராமை ஓட்டிவிட்டுக் காத்திருக்கும்போது, கடைசி இடத்தில் ஷெல்லுக்குப் பதில் அந்தப் புரோகிராம் உட்கார்ந்திருக்கும். ஆக, ஒரு கீயை ஜன்னல் பிடிக்கலாம், அது விட்டால் கெர்னல் பிடிக்கலாம், அதுவும் விட்டால்தான் ஷெல்லுக்கோ ஓடும் புரோகிராமுக்கோ போய்ச் சேரும்.

கண்ட்ரோல் கீ உண்மையில் அனுப்புவது ஓர் எண்

கண்ட்ரோல் கீ தானாக எந்த எழுத்தையும் அனுப்பாது. கூடத் தட்டும் எழுத்தின் எண்ணை மாற்றிவிடும், அவ்வளவுதான். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் தர அட்டவணை. அதில் 0 முதல் 31 வரையிலான எண்கள் எழுத்துகளுக்கு அல்ல, 'மணி அடி', 'அடுத்த வரிக்குப் போ' போன்ற ஏவல்களுக்கு ஒதுக்கப்பட்டவை. பெரிய எழுத்து ஏ 65, சி 67. கண்ட்ரோலோடு தட்டும்போது 64 கழிந்துவிடும். கண்ட்ரோல்-ஏ என்பது 1, கண்ட்ரோல்-சி என்பது 3.

இந்தக் கணக்கு தெரிந்தால் பல புதிர்கள் அவிழும். கண்ட்ரோல்-ஐ என்பது 9, டேப் கீயின் எண்ணும் 9. கண்ட்ரோல்-எம் என்பது 13, எண்டரும் 13. அதனால் வழக்கமான டெர்மினலில் இவற்றைத் தனித்தனி ஷார்ட்கட்டாக வைத்துக்கொள்ள முடியாது. எஸ்கேப் கீ பழுதான லேப்டாப்பில் கண்ட்ரோலோடு திறக்கும் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் 27 போகும், அது எஸ்கேப்பேதான்.

காப்பி செய்ய ஏன் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-சி என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. எண் 3 பல பத்தாண்டுகளாக 'நிறுத்து' என்ற வேலைக்குப் போய்விட்டது. அந்த வேலையைக் கெடுக்காமல் இருக்க, லினக்ஸின் டெர்மினல் ஜன்னல்கள் ஷிஃப்டையும் சேர்த்துத் தட்டுவதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டன. ஒட்டுவதற்கு கண்ட்ரோல்-ஷிஃப்ட்-வி. மேக்கில் காப்பிக்குத் தனியாக கமாண்ட் கீ இருப்பதால் இந்த மோதலே இல்லை.

ஆல்ட் கீயின் முறை வேறு. அது முதலில் 27ஐ அனுப்பி, பிறகு எழுத்தை அனுப்பும். ஆகவே ஆல்ட் வேலை செய்யாத இடத்தில் எஸ்கேப்பைத் தட்டி விட்டு, பிறகு எழுத்தைத் தட்டினால் அதே பலன். மேக்கின் டெர்மினலில் ஆப்ஷன் கீயை மெட்டா கீயாகப் பயன்படுத்தும் தேர்வை அமைப்புகளில் இயக்கிவிட்டால் ஒரே தட்டில் முடியும்.

கெர்னல் பிடித்துக்கொள்பவை

எண் 3 வந்ததும் கெர்னல் அதை எழுத்தாக மேலே அனுப்பாமல், முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு ஒரு சிக்னல் கொடுக்கிறது. சிக்னல் என்பது ஓடும் புரோகிராமுக்குக் கெர்னல் சேர்க்கும் சிறு அறிவிப்பு, பேருந்தின் விசில் அதுதான். கண்ட்ரோல்-சி தரும் சிக்னலுக்குப் பொருள் 'முடித்துக்கொள்'. பெரும்பாலான புரோகிராம்கள் உடனே முடியும். ஆனால் இது கட்டாயமல்ல. புரோகிராம் அந்தச் சிக்னலைத் தானே கையாளலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். பைதானின் ஊடாடும் திரையில் கண்ட்ரோல்-சி போட்டால் கீபோர்ட்-இன்டரப்ட் என்று சொல்லிவிட்டு மறுபடி காத்திருப்பது இதனால்தான். அங்கிருந்து வெளியே வர கண்ட்ரோல்-டி.

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது கண்ட்ரோல்-இசட். வேர்டில் பழகிய கை இதை 'செய்ததைத் திருப்பு' என்று எதிர்பார்க்கிறது. திரையில் புரோகிராம் மறைந்து, அடுத்த கட்டளைக்கு ஷெல் காத்திருப்பதைக் காட்டும் கட்டளைக்குறி மறுபடி வந்ததும் 'மூடிவிட்டது' என்று நினைத்துக்கொள்கிறது. இரண்டும் இல்லை. புரோகிராம் அந்த நிலையிலேயே இடைநிறுத்தப்பட்டு, நினைவகத்தில் அப்படியே கிடக்கிறது. திரையில் சதுர அடைப்புக்குறிக்குள் 1 என்றும், பக்கத்தில் 'ஸ்டாப்டு' என்றும் ஒரு வரி வந்திருக்கும். அதைப் பலர் படிப்பதில்லை.

ஓடிக்கொண்டிருந்தது 8000 போர்ட்டில், அதாவது இணைப்புகள் வந்து சேரும் அந்த எண்ணுள்ள வாசலில், ஒரு வெப் சர்வர் என்று வைத்துக்கொள்வோம். கண்ட்ரோல்-இசட்டுக்குப் பிறகும் அந்தப் போர்ட் அதன் கையில்தான் இருக்கும். அதனால் சர்வரை மீண்டும் தொடங்கினால் 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று பிழை வரும். இதைவிடக் குழப்புவது, பிரௌசரில் பக்கத்தைத் திறந்தால் பிழையும் வராமல் பக்கமும் வராமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருப்பது. இணைப்பைக் கெர்னல் வாங்கி வரிசையில் வைத்துவிடுகிறது. பதில் சொல்ல வேண்டிய புரோகிராம் உறைந்து கிடக்கிறது.

சரிசெய்ய வேண்டிய வழி எளிது. முதலில் 'ஜாப்ஸ்' என்ற கட்டளை. இந்த ஷெல்லின் பிடியில் இருக்கும் வேலைகளை எண்ணோடு காட்டும். பிறகு 'எஃப்ஜி' என்று தட்டினால் உறைந்த புரோகிராம் முன்னுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து ஓடும். இப்போது கண்ட்ரோல்-சி போட்டு முறையாக முடிக்கலாம். அதை நிறுத்த வேண்டாம், பின்னணியில் ஓடட்டும் என்றால் எஃப்ஜிக்குப் பதில் 'பிஜி'. சரியாகப் பயன்படுத்தினால் கண்ட்ரோல்-இசட் மிக நல்ல வசதி. எடிட்டரில் ஒரு கோப்பைத் திருத்தும் நடுவில் ஒரு கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு, எஃப்ஜி போட்டு விட்ட இடத்துக்கே திரும்பலாம்.

கண்ட்ரோல்-சிக்கு அசையாத புரோகிராமுக்கு அடுத்த படி கண்ட்ரோலோடு பின்சாய்வுக்கோடு. அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல்-இசட் போட்டுவிட்டு, 'கில்', இடைவெளி, கழித்தல்குறி 9, இடைவெளி, சதவீதக்குறி 1 என்று தட்டுங்கள். கடைசியில் வரும் 1, ஜாப்ஸ் காட்டிய எண். 9ஆம் சிக்னலைப் புரோகிராம் மறுக்கவே முடியாது. ஆனால் பாதியில் எழுதிய கோப்பை முடித்துவைக்கவும் அதற்கு வாய்ப்புக் கிடைக்காது, அதனால் இதை எடுத்த எடுப்பில் பயன்படுத்தக் கூடாது.

கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் ஸ்கிரீன் உறைவது பழுது அல்ல. டெலிடைப் எனும் தட்டச்சு இயந்திரங்கள் டெர்மினலாக இருந்த காலத்தில், எதிர்முனையை 'அனுப்புவதை நிறுத்து', 'தொடர்' என்று சொல்ல 19, 17 என்ற எண்கள் இருந்தன. கண்ட்ரோல்-எஸ் 19, கண்ட்ரோல்-க்யூ 17. இன்றும் கெர்னல் அதை மதிக்கிறது. உறைந்தால் கண்ட்ரோல்-க்யூ போதும், ஜன்னலை மூட வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும் முக்கியம். உறைந்திருக்கும்போது பதற்றத்தில் நீங்கள் தட்டும் கட்டளைகள் காணாமல் போவதில்லை. கண்ட்ரோல்-க்யூ போட்டதும் அவை எல்லாம் வரிசையாக ஓடும்.

கண்ட்ரோல்-டி சிக்னல் அல்ல. 'இதுவரை தட்டியதை ஒப்படை' என்பது அதன் பொருள். ஒன்றுமே தட்டாமல் ஒப்படைத்தால், படிக்கும் புரோகிராமுக்கு வெறுமை போய்ச் சேரும், 'உள்ளீடு முடிந்தது' என்று அது எடுத்துக்கொள்ளும். வெற்று வரியில் கண்ட்ரோல்-டி போட்டால் ஷெல்லே மூடிக்கொள்வது அதனால்தான்.

சுருக்கமாக: சி முடிக்கச் சொல்கிறது, இசட் உறைய வைக்கிறது, டி உள்ளீடு தீர்ந்தது என்கிறது, எஸ் திரையை நிறுத்துகிறது, க்யூ விடுவிக்கிறது. உங்கள் கணினியில் இவை எப்படி அமைந்திருக்கின்றன என்பதை எஸ், டீ, டீ, ஒய் என்ற நான்கெழுத்துக் கட்டளைக்குப் பின் இடைவெளி, கழித்தல்குறி, ஏ தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

வரியைத் திருத்துவது ஷெல்லின் வேலை

கட்டளைக்குறியில் நீங்கள் தட்டும்போது எழுத்துகளை வாங்கி வரியைக் கட்டுவது பாஷுக்குள் இருக்கும் ரீட்லைன் என்ற பகுதி. வேகம் கூடுவது இங்கேதான். ஆனாலும் பலர் இடது அம்புக்குறியை நாற்பது தடவை தட்டி வரியின் தொடக்கத்துக்குப் போகிறார்கள்.

வரியின் தொடக்கத்துக்கு கண்ட்ரோல்-ஏ, கடைசிக்கு கண்ட்ரோல்-ஈ. ஒரு சொல் பின்னால் போக ஆல்ட்-பி, பேக் என்பதன் முதலெழுத்து. ஒரு சொல் முன்னால் போக ஆல்ட்-எஃப். நீண்ட கட்டளையைத் தட்டி முடித்த பிறகு, அதை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் 'சூடோ'வை முன்னால் சேர்க்க மறந்தது தெரிந்தால் கண்ட்ரோல்-ஏ, சூடோ, இடைவெளி, எண்டர். எண்டரைத் தட்டும்போது கர்சர் வரியின் கடைசியில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அழிப்பதில் கண்ட்ரோல்-டபிள்யூ கர்சருக்கு முந்தைய சொல்லை அழிக்கும். கண்ட்ரோல்-யூ தொடக்கம் வரைக்கும், கண்ட்ரோல்-கே கடைசி வரைக்கும். அழித்தவை குப்பைக்குப் போவதில்லை, ஷெல் அவற்றைத் தனியே வைத்திருக்கும், கண்ட்ரோல்-ஒய் போட்டால் திரும்ப வரும். இதை ஒரு தந்திரமாகவே பழகிக்கொள்ளலாம். ஒரு நீளமான கட்டளையை முக்கால்வாசி தட்டியபின் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று பார்க்க வேண்டியிருந்தால், கண்ட்ரோல்-யூ போட்டு வரியை எடுத்து வைத்துவிட்டு, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, கண்ட்ரோல்-ஒய் போட்டால் பழைய வரி அப்படியே வந்து நிற்கும். இசட்-ஷெல்லில் கண்ட்ரோல்-யூ கர்சர் எங்கிருந்தாலும் முழு வரியையும் எடுத்துவிடும், மேக்கில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டெர்மினலின் உண்மையான 'செய்ததைத் திருப்பு' கண்ட்ரோலோடு அண்டர்ஸ்கோர். அது தட்டிக்கொண்டிருக்கும் வரிக்கு மட்டும்தான். ஓடி முடிந்த கட்டளையைத் திருப்ப எந்தக் கீயும் கிடையாது.

கண்ட்ரோல்-யூ பாஸ்வேர்ட் கேட்கும் இடத்திலும் கைகொடுக்கும். அங்கே ஷெல் இல்லை, ஆனால் கெர்னலுக்கும் இந்தக் கீயின் பொருள் தெரியும். தட்டுவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிழை விட்டதாகச் சந்தேகம் வந்தால், எத்தனை எழுத்து என்று யோசித்து பேக்ஸ்பேஸ் தட்ட வேண்டாம். கண்ட்ரோல்-யூ போட்டு முதலிலிருந்து தட்டலாம்.

பழைய கட்டளையைத் தேடுவது

ஒரே ஒரு ஷார்ட்கட்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் அது கண்ட்ரோல்-ஆர் ஆக இருக்கட்டும். அதை அழுத்திவிட்டு, முன்பு ஓட்டிய கட்டளையில் நினைவிருக்கும் எந்தப் பகுதியையும் தட்டுங்கள், தொடக்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. பொருந்துவதில் மிக அண்மையானது வரும். அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் மறுபடி கண்ட்ரோல்-ஆர்.

இங்கே ஒரு அபாயம் உண்டு. எண்டர் தட்டினால் காட்டப்படும் கட்டளை அந்தக் கணமே ஓடிவிடும். கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளை வந்து நிற்கும்போது, தேடியது அதுதானா என்று முழுதும் படிக்காமல் எண்டர் தட்டக் கூடாது. திருத்திவிட்டு ஓட்ட வலது அம்புக்குறியைத் தட்டினால் வரி கையில் வரும். தேடலைக் கைவிட கண்ட்ரோல்-ஜி.

கண்ட்ரோல்-ஆரைப் பலமுறை தட்டி வேண்டியதைத் தாண்டிவிட்டால் எதிர்த்திசையில் வர ரீட்லைன் வைத்திருக்கும் கீ கண்ட்ரோல்-எஸ். அது ஏன் வேலை செய்யாமல் திரை உறைகிறது என்று இப்போது சொல்லிவிடலாம்: ஷெல்லுக்குப் போய்ச் சேரும் முன் கெர்னல் பிடித்துக்கொள்கிறது. மேலே சொன்ன எஸ், டீ, டீ, ஒய் கட்டளைக்குப் பின் இடைவெளி, கழித்தல்குறி, ஐ, எக்ஸ், ஓ, என் என்று தட்டினால் கெர்னல் அந்தக் கீயை விட்டுவிடும். அந்த வரியை, பாஷ் தொடங்கும்போதெல்லாம் படிக்கும் தொடக்கக் கோப்பில் (.bashrc) சேர்த்துவிட்டால் உறையும் தொல்லையும் போகும், முன்னோக்கித் தேடவும் முடியும்.

உபுண்டுவின் வழக்கமான அமைப்பில் ஓர் அமர்வு 1000 கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும், அவற்றைச் சேமித்துவைக்கும் கோப்பில் 2000 வரிகள் தங்கும். ஜன்னலை மூடும்போதுதான் கோப்பில் எழுதப்படும் என்பதால், பக்கத்து ஜன்னலில் இப்போது ஓட்டியதை இந்த ஜன்னலில் தேடினால் கிடைக்காது. அதே அமைப்பில் இடைவெளியோடு தொடங்கும் கட்டளை பதிவாகாது. பாஸ்வேர்டோ ரகசியச் சாவியோ கட்டளைக்குள்ளேயே வர நேர்ந்தால் முதலில் ஓர் இடைவெளி தட்டிவிடுங்கள். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் இது அவசியம்.

முந்தைய கட்டளையின் கடைசிச் சொல் மட்டும் வேண்டுமென்றால் ஆல்ட்டோடு முற்றுப்புள்ளி. ஒரு ஃபோல்டரை உருவாக்கிய கையோடு, ஃபோல்டருக்குள் போகும் கட்டளையான 'சிடி', இடைவெளி, ஆல்ட்-முற்றுப்புள்ளி தட்டினால் அதே பெயர் வந்து விழும்.

டேப் கீயும் தமிழ்க் கோப்புப் பெயர்களும்

பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் அழுத்தினால் மீதியை ஷெல் நிரப்பும். ஒன்றுக்கு மேல் பொருந்தினால், பொதுவான பகுதி வரை நிரப்பி நின்றுவிடும். மறுபடி டேப் தட்டினால் எல்லாவற்றையும் காட்டும். 'செம்பரம்பாக்கம்-2015', 'செம்பரம்பாக்கம்-2023' என்று இரண்டு கோப்புகள் இருந்தால் 'செ' தட்டி டேப் போட்டதும் '20' வரை வரும், பிறகு நீங்கள் ஓர் எண்ணைத் தட்டி மீண்டும் டேப் போட வேண்டும். டேப் தட்டியும் ஒன்றும் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்: பெயர் தவறு, அல்லது நீங்கள் இருப்பது வேறு ஃபோல்டர்.

தமிழ்ப் பெயர்களில் டேப்பின் அருமை இன்னும் கூடும். டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அகலக் கட்டத்தில் வைக்கப் பார்க்கிறது. 'கௌ', 'ணோ' போன்றவை அதில் அடங்குவதில்லை. அதனால் சில டெர்மினல்களில் கர்சர் எழுத்தைவிட்டுத் தள்ளி நிற்கும், அழிக்கும்போது எது அழிகிறது என்றே தெரியாது. நடுவில் போய்த் திருத்த முயலாமல், கண்ட்ரோல்-டபிள்யூ போட்டுப் பெயரை எடுத்துவிட்டு, முதல் எழுத்தும் டேப்பும் போட்டு மறுபடி கொண்டுவருவதே சுலபம். தமிழ்99 விசைப்பலகையில் பெயரைத் தட்டியவர்கள் அடுத்த கட்டளைக்கு முன் ஆங்கிலத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

கீ வழியிலேயே நின்றுவிடும் இடங்கள்

பிரௌசருக்குள் ஓடும் கிளவுட் டெர்மினலில் கண்ட்ரோல்-டபிள்யூ தட்டினால் சொல் அழியாது, பிரௌசர் டேபே மூடிவிடும். எல்லாருக்கும் முன்னால் நிற்பது பிரௌசர். அங்கே எஸ்கேப் தட்டிப் பிறகு பேக்ஸ்பேஸ் தட்டுவது பாதுகாப்பான மாற்று. ஒரே ஜன்னலுக்குள் பல ஷெல்களை நடத்த உதவும் 'ஸ்கிரீன்' என்ற புரோகிராமுக்குள் கண்ட்ரோல்-ஏவை அது தன் ஏவலுக்கென்று பிடித்துக்கொள்ளும், ஷெல்லுக்கு அனுப்ப கண்ட்ரோல்-ஏ தட்டி வெறும் ஏ தட்ட வேண்டும். அதே வேலை செய்யும் 'டீமக்ஸ்' அதேபோல் கண்ட்ரோல்-பியைப் பிடிக்கும், இரண்டு முறை தட்டினால் உள்ளே போகும். 'நானோ' எடிட்டரில் கண்ட்ரோல்-சி நிறுத்தாது, கர்சர் இருக்கும் வரி எண்ணைச் சொல்லும். வெளியேற கண்ட்ரோல்-எக்ஸ்.

எஸ்எஸ்எச் மூலம் தொலைவில் உள்ள சர்வரில் வேலை செய்யும்போது, ஐப்பசி மழையில் வீட்டு இன்டர்நெட் அறுந்தால் திரை உறையும். அப்போது கண்ட்ரோல்-சி எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. அந்த எண் 3ஐ சிக்னலாக மாற்ற வேண்டிய கெர்னல் சர்வரில் இருக்கிறது, உங்கள் மேசையில் உள்ள கெர்னலோ எஸ்எஸ்எச்சின் வேண்டுகோள்படி எல்லாக் கீயையும் தொடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெளியே வர எண்டர், டில்டா, முற்றுப்புள்ளி என்ற வரிசையில் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். டில்டா பெரும்பாலான விசைப்பலகைகளில் 1க்கு இடப்பக்கக் கீயில் ஷிஃப்டோடு இருக்கும். எண்டருக்கு அடுத்த முதல் எழுத்தாக டில்டா வந்தால்தான் எஸ்எஸ்எச் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், வரியின் நடுவில் தட்டினால் அது மற்ற எழுத்துகளோடு சர்வருக்கே போகும்.